சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் அடைத்த மேய்ச்சல் காடு: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: கல்லுப்பட்டி ஆட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் சோளமும் குதிரைவாலியும் விளைந்த 5 ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. பாதி கரிசல், ஓடைப் பக்கம் செவல். வெள்ளாமை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஆடு மாடு மேய்க்கத்தான் அந்தக் காடு. 22 வெள்ளாடு, 30 செம்மறி, 4 பசு வைத்திருக்கிறோம்.

ஆனால் முக்கால்வாசி இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு ஆடு நுழையவே வழியில்லை. கரி மூட்டம் போடுகிற ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சில வருடத்துக்கு ஒருமுறை வந்து வெட்டுவார். தூரை முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டுவிட்டுப் போவார். ஒரு மழை பெய்தால் போதும், ஒரு தூரில் பத்துக் கிளை வெடித்து நிற்கும். இந்த வைகாசியோடு அந்தக் குத்தகையை முடித்துவிட்டோம்.

மரம் இல்லாத மீதி இடத்தில் வண்டிப்பாதை ஓரமாக ஆரம்பித்து பார்த்தீனியம் உள்ளே வந்துவிட்டது. முன்பு அங்கே புல் இருந்தது. அம்மாவுக்குக் கையிலும் கழுத்திலும் தடிப்பு தடிப்பாக அரிப்பு. போன கார்த்திகையில் பால் கசக்கிறது என்று வாடிக்கை வீடுகளில் சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி மழைக்குள் ஏதாவது செய்ய வேண்டும். ஜேசிபி வைத்துப் பிடுங்குவதா, இல்லை வெட்டித் தூரில் தீ வைத்தால் போதுமா? மருந்துக்கடையில் ஒரு களைக்கொல்லியைக் காட்டி, ஒரே அடியில் இரண்டும் ஒழியும் என்கிறார்கள். நம்பலாமா? ஆட்டை விட்டே இந்தக் களையைக் குறைக்க முடியுமா? மொத்தமாகச் செலவு செய்யக் கையில் பணம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில்: செக்கானூரணி கிடைக்காரர்

தம்பி, நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்மறி கிடை போடுகிறவர்கள், அதாவது உரத்துக்காக அடுத்தவர் நிலத்தில் இரவில் ஆட்டை அடைக்கிறவர்கள். மேலூர், சிவகங்கைச் சீமை வரை ஆட்டின் பின்னால் நடந்த கால்கள் இவை. சீமைக்கருவேலம் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு எப்படிப் போகிறது என்பதை நடக்க நடக்கப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மரத்தைப் பிடுங்குவது இந்த வேலையில் கால்வாசிதான். பிடுங்கிய இடத்தில் புல்லை நிற்க வைப்பதும், விதை திரும்ப உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதும்தான் மீதி முக்கால். இதைச் செய்ய மனம் இல்லாவிட்டால் ஜேசிபிக்குக் கொடுக்கிற காசு வீண்.

2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, நம் பக்கம் கண்மாய் கண்மாயாக ஜேசிபி இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மழைக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்காத கண்மாய்களுக்குள் இப்போது போய்ப் பாருங்கள், மனுஷன் நுழைய முடியாது.

முதலில் தூர். தண்டு மண்ணுக்குள் போய் வேராக மாறுகிற இடம் முண்டாகத் தடித்திருக்கும். ஒரு தூரைச் சுற்றிக் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் தெரியும். உறங்கும் மொட்டெல்லாம் அந்த முண்டில்தான் இருக்கிறது. தரைக்கு மேலே எங்கே வெட்டினாலும் மரத்துக்கு அது கவாத்துதான். தீ வைத்தாலும் மேலே கருகும், மண்ணுக்குள் இருக்கிற மொட்டு பிழைத்துக்கொள்ளும். கூடவே பக்கத்தில் கிடக்கிற புல் விதையும் வெந்துபோகும். அதனால் தீ வேண்டவே வேண்டாம். முண்டு முழுவதும் வெளியே வர வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி ஆழம் வரை தோண்டி, முண்டுக்குக் கீழே வேரை அறுத்துவிட்டால் போதும். அதற்குக் கீழே இருக்கிற ஆணிவேர் எத்தனை ஆழம் போயிருந்தாலும் அதிலிருந்து துளிர் வராது. அதை முழுக்க எடுக்கிறேன் என்று குழி பறித்துக் காசை விரயம் பண்ண வேண்டாம்.

கை பருமன் வரை உள்ள கன்றுகளுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், வீட்டு ஆளே செய்யலாம். பெரிய தூருக்கு ஜேசிபி. கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது ஜேசிபியை விட்டால் மரம் தரையோடு முறிந்து, முண்டு உள்ளேயே தங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் இடிமழை ஒன்று விழட்டும். மேல் ஈரம் வாங்கி, வண்டி புதையாத பதத்தில் மண் இருக்கும்போது கூப்பிடுங்கள். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். ஓட்டுநருக்கு மணிக்கணக்கு, அவர் மரத்தைச் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போகத்தான் பார்ப்பார். ஒவ்வொரு தூரும் முண்டோடு வந்ததா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

5 ஏக்கரையும் ஒரே வருடத்தில் தொடாதீர்கள். பணம் இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மண்ணைப் புரட்டிய இடத்தில் ஐப்பசி மழைக்கு சீமைக்கருவேலக் கன்று பச்சைப் பசேலென்று முளைக்கும். மண்ணில் வருடக்கணக்காக விதை கிடக்கிறதல்லவா? அதை உங்கள் வீட்டு ஆட்களால் எவ்வளவு இடத்தில் பிடுங்கி முடிக்க முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் இந்த வருடம் சுத்தம் செய்யுங்கள். மரம் அடர்ந்த பக்கத்தில் ஆரம்பிக்க எல்லோருக்கும் ஆசை வரும். அது தப்பு. மரம் கலைவாக நிற்கிற, புல் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிற பக்கத்தில் ஆரம்பியுங்கள். அங்கே குறைந்த செலவில் நிறைய இடம் கிடைக்கும், இருக்கிற புல்லே பரவிக்கொள்ளும். அடர்ந்த பகுதி காத்திருக்கட்டும். ஆனால் அதில் காய் விடுகிற பெரிய மரங்களை மட்டும் நெற்று விழுவதற்கு முன்னால் வெட்டிவிடுங்கள்.

கன்று முளைத்தபின் நேரம் ரொம்ப முக்கியம். முதலில் தடித்த இரண்டு விதையிலை, அதற்கு மேல் இறகு இலை ஒன்றிரண்டு வரும். அந்தப் பருவத்தில் ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். தை மாதம் வரை விட்டால் களைக்கொத்தி வேண்டும். அடுத்த சித்திரைக்குக் கடப்பாரை வேண்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் ஒரு நடை போய்வாருங்கள். ஆடு மேய்க்கப் போகிறவர் கையோடு பிடுங்கிக்கொண்டே போகலாம்.

இனி, ஆட்டை விட்டுக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். சீமைக்கருவேல இலையை ஆடு தொடாது, நெற்றைத்தான் தேடித் தின்னும். அதுதான் பிரச்சினையே. நெற்று இனிப்பு, சித்திரை வைகாசியில் வேறு மேய்ச்சல் இல்லாதபோது அது ஆட்டுக்கு உயிர். ஆனால் உள்ளே இருக்கிற விதைக்குக் கெட்டியான ஓடு உண்டு. மாட்டின் வயிற்றில் அது நன்றாக ஊறி, முளைக்கத் தயாராகச் சாணியோடு வெளியே வரும். காய்ந்த சாணி ஒன்றை உடைத்துப் பாருங்கள், முழு விதை முழு விதையாகக் கிடக்கும். அந்தச் சாணியே அதற்கு முதல் உரமும் ஆகிவிடும். வெள்ளாடும் செம்மறியும் நன்றாக மென்று தின்பதால் அவற்றில் தப்புகிற விதை குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை.

எனவே நெற்று தின்ற உருப்படிகளை, சுத்தம் செய்த இடத்துக்குள் அன்றே விடாதீர்கள். ஒரு வாரம் பட்டியில் அடைத்து வைக்கோல், தட்டை போட்டு, வயிறு சுத்தமானபின் விடுங்கள். அந்த ஒரு வாரச் சாணியையும் புழுக்கையையும் குப்பைக்குழியில் நன்றாக மக்க விட வேண்டும், நேராக அந்த நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கிடைக்காரனாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன்: கண்மாய்க்குள் நெற்று பொறுக்கி மேய்ந்து வந்த கிடையை, அந்த மாதங்களில் சுத்தம் செய்த நிலத்தில் போடச் சொல்லாதீர்கள். எங்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், "எங்கே மேய்த்துவிட்டு வருகிறீர்கள்" என்று. கேட்டால் கிடையை நடத்துகிற எந்தக் கீதாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் புல். வெறும் தரை கிடந்தால் சீமைக்கருவேலம் போன இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும். நம் மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்லும், முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் கலந்து விதைப்பது நல்லது. கொழுக்கட்டைப் புல் விதை சுணையோடு பஞ்சாக இருக்கும். அப்படியே வீசினால் காற்று தூக்கிப்போய் ஒரே இடத்தில் குவித்துவிடும். மணலோடு பிசைந்து வீசுங்கள். அன்றைக்கு அறுத்த புது விதை சரியாக முளைக்காது, ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த விதையாகப் பார்த்து வாங்குங்கள். முயல் மசால் விதைக்கு ஓடு கெட்டி. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில், மழை பிடிக்கும் முன்னால் மேலாகத் தூவி, முள்கிளை ஒன்றை இழுத்து மண்ணை மூடினால் போதும். ஆழமாகப் போனால் வராது. முதல் வருடம் அதில் ஆட்டை இறக்காதீர்கள். புல் பூத்து விதை கொட்டட்டும். அவசரத்துக்குத் தீவனம் வேண்டுமென்றால் அறுத்துக்கொண்டு வந்து போடுங்கள்.


பதில்: மேலூர் வெள்ளாட்டுக்காரி

கிடைக்கார அண்ணன் சீமைக்கருவேலத்தைச் சொல்லிவிட்டார். நான் பார்த்தீனியம் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி. எங்களுக்கு நத்தம் ரோட்டுப் பக்கம் காடு. ரோட்டோரத்திலிருந்துதான் இது உள்ளே வந்தது.

அம்மாவை முதலில் அந்தச் செடிப் பக்கம் போகவிடாதீர்கள். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவர்களுக்கு அடுத்தடுத்த தடவை கூடிக்கொண்டேதான் போகும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பிடுங்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூக்க ஆரம்பித்துவிடும். ஒரு செடி பத்தாயிரக் கணக்கில் விதை கொட்டும். அதனால் பூக்கும் முன் பிடுங்கினால்தான் பிடுங்கியதற்கு அர்த்தம். மழைக்குப் பிறகு, இலைகள் தரையோடு படர்ந்து வட்டமாகக் கிடக்கும் பருவத்தில், அடியில் கையைக் கொடுத்து வேரோடு எடுங்கள். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மறுபடி கிளைத்து, குட்டையாக நின்றே பூத்துவிடும். பூக்காத செடியைக் குப்பைக்குழியில் போட்டு மக்க வைக்கலாம், நல்ல உரம். பூத்ததைக் குழியில் போடாதீர்கள், விதை சாகாமல் உரத்தோடு காடு முழுக்கப் போய்விடும். அதைக் காயவைத்து ஒரு இடத்தில் எரித்துவிடுவதுதான் சரி.

உப்புக் கரைசல் அடிக்கிற முறை ஒன்று உண்டு. லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் நாளில் அடித்தால் செடி கருகும். வண்டிப்பாதை, வாசல், வேலி ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புல் வளர்க்கப் போகிற மண்ணில் அவ்வளவு உப்பை ஊற்றக் கூடாது.

எங்கள் காட்டில் கைகொடுத்தது துத்தியும் கொழுஞ்சியும். பார்த்தீனியம் பிடுங்கிய இடத்தில் மழைக்கு முன்னால் அந்த விதைகளைத் தூவிவிடுவோம். இரண்டும் வேகமாக எழும்பி நிழல் கட்டிவிடும், பார்த்தீனியக் கன்று அடியில் வெளுத்துப்போய் நிற்கும். துத்தியை வெள்ளாடு விரும்பித் தின்னும். ஓடை ஓரத்துக்கு ஆவாரை போடுங்கள், அதை ஆடு அவ்வளவாகக் கடிக்காது என்பதால் நின்று மறைத்துக்கொள்ளும். விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மாசி பங்குனியில் காட்டில் காய்ந்து நிற்கிறதைப் பறித்துச் சாக்கில் கட்டி வைத்தாலே போதும்.


பதில்: பணி ஓய்வு கால்நடை மருத்துவர், திருமங்கலம்

பால் கசந்ததற்குக் காரணம் பார்த்தீனியமாகத்தான் இருக்கும். அதில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள் பாலில் கலக்கும். வேறு மேய்ச்சல் இருந்தால் மாடு அதைத் தொடாது. புல்லோடு கலந்து நிற்கும்போது வேறு வழியில்லாமல் வாய்க்குள் போய்விடுகிறது. அந்தச் செடி இல்லாத தீவனத்துக்கு மாற்றினால் கசப்பு நின்றுவிடும். தொடர்ந்து தின்றால் வாய்ப்புண், மடியிலும் முகத்திலும் தோல் தடிப்பு எல்லாம் வரும். அப்படி எதையாவது பார்த்தால் உள்ளூர் மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சீமைக்கருவேல நெற்று சத்துள்ள தீவனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாடு நாள்கணக்கில் அதையே தின்றால் வயிறு கட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் போனால் தாடை நரம்பு பாதித்து, அசைபோட முடியாமல் வாய் கோணி நிற்கும் மாடுகளும் உண்டு. நெற்றைப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, மில்லில் விதையோடு சேர்த்து மாவாக அரைத்துக் கொடுங்கள். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். விதை உடைந்துவிடுவதால் காட்டில் முளைக்கிற பேச்சும் இல்லை. கீழே விழுந்ததைப் பொறுக்கினால் கிடைக்காரர் சொன்ன வேலையும் பாதி குறையும்.

நீங்கள் பேரையூர் பக்கம் என்பதால் இன்னொன்று. சாப்டூர் மலையடிவாரத்துக்கு ஆடு மாடு போனால் உண்ணிச்செடியை (லந்தானா) கவனியுங்கள். வறட்சியில் அதைத் தின்ற உருப்படிக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். கண் மஞ்சளாகும், சாணி இறுகும், வெயில் பட்ட இடத்தில், முக்கியமாக மூக்கு நுனியில், தோல் உரியும். உடனே நிழலில் கட்டுங்கள், வெயிலில் விடவே கூடாது. அன்றே மருத்துவரைக் கூப்பிட்டால் காப்பாற்ற வழி இருக்கிறது. இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டுத்தான் பலர் மாட்டை இழக்கிறார்கள்.

பார்த்தீனிய இலை சல்லடையாக ஓட்டை விழுந்திருந்தால், வெள்ளை முதுகில் பழுப்புக் கோடு போட்ட சிறிய வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 1983-ல் மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, மறு வருடம் பெங்களூர் பக்கம் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும், கோடையில் மண்ணுக்குள் அடங்கிவிடும். அதைக் கண்டால் அந்த இடத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். பூச்சியால் களை ஒழியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தென்னாட்டில் ஏராளமான நிலத்தை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு பூச்சிதான் அடக்கியது. பார்த்தீனிய வண்டுக்கு அந்த அளவு வேகம் நம் பக்கத்தில் இல்லை. கைவேலைக்குத் துணையாக மட்டும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: கரிசல் பருத்தி

களைக்கொல்லி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கடையில் காட்டியது கிளைபோசேட்டாக இருந்தால் அது பச்சையாக நிற்கிற எல்லாவற்றையும் சாகடிக்கும், புல்லையும் சேர்த்து. பிறகு வெறும் தரையில் முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். 2,4-டி என்றால் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் துத்தி, கொழுஞ்சி, முயல் மசால் எல்லாம் அகன்ற இலைதான்.

அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்தில் பருத்தி இருக்கிறதா? 2,4-டி மருந்தின் சாரல் துளி பட்டாலே பருத்தி இலை சுருண்டு விரல் விரலாகப் பிளந்து, காய் பிடிக்காமல் போய்விடும். எங்கள் புஞ்சையில் ஒரு ஓரம் முழுக்க அப்படிப் போனது. அடித்தவர் எங்கள் நிலத்துக்கு இரண்டு நிலம் தள்ளி. காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள். கல்லுப்பட்டிக் கரிசலில் புரட்டாசிக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பருத்திதான் நிற்கும்.


கல்லுப்பட்டி ஆட்டுக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கிழக்கே பருத்தி போடுகிற சித்தப்பா காடுதான் இருக்கிறது. முதலில் ஓடைப் பக்கம் செவலில் ஒன்றரை ஏக்கர் எடுக்கலாம் என்று இருக்கிறோம், அங்கே மரம் கலைவு. இரண்டு சந்தேகம். அந்தப் பக்கம் வெள்வேலும் குடைவேலும் நிற்கின்றன, அவற்றையும் எடுத்துவிட வேண்டுமா? எங்கள் காட்டை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) இருக்கிறது, அதிலும் முழுக்கச் சீமைக்கருவேலம். அங்கிருந்து வராமல் எப்படித் தடுப்பது?


செக்கானூரணி கிடைக்காரர்:

வெள்வேல், குடைவேல், நாட்டுக் கருவேலம் எதையும் தொடாதீர்கள் தம்பி. அவை நம் மண்ணின் மரம். கோடையில் அந்த நெற்றும் நிழலும்தான் ஆட்டைக் காப்பாற்றும், அடியில் புல்லும் நிற்கும். ஜேசிபி வருவதற்கு முதல் நாளே அந்த மரங்களில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். கன்றாக இருந்தால் பக்கத்தில் குச்சி ஊன்றித் துணி கட்டுங்கள். ஓட்டுநருக்கு எல்லாம் முள்மரம்தான், அடையாளம் இல்லாவிட்டால் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். சந்தேகமான மரம் என்றால் பூவைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் பூ நீளமான கதிர், நாட்டு வேல மரங்களின் பூ உருண்டை.

புறம்போக்கில் நீங்களாக வெட்டக் கூடாது. ஊராட்சியில் மனு கொடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு நகல். அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆடு வைத்திருக்கிற நாலைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் பேச்சுக்கு மரியாதை இருக்கும். ஏலம் விடுவதாக இருந்தால் "தூரோடு எடுக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எழுத்தில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கரிக்காரர் செய்ததைத்தான் இங்கேயும் செய்வார்கள்.

அது நடக்கும் வரை, எல்லை ஓரமாக வண்டி அகலத்துக்கு ஒரு கீற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து தானாக விழுகிற நெற்று தூரம் போகாது, அந்தக் கீற்றில்தான் கிடக்கும். பொறுக்கி டாக்டர் சொன்னபடி அரைத்துவிடலாம். மழைநீர் புறம்போக்கிலிருந்து எந்த வழியாக உங்கள் காட்டுக்குள் இறங்குகிறது என்று பார்த்து, அங்கே முள் அடைத்து வையுங்கள், அடித்துவருகிற நெற்று அதில் தங்கும். கொழுக்கட்டைப் புல் விதைக்கு ஆவணியிலேயே கால்நடை மருந்தகத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் சொல்லி வையுங்கள். புரட்டாசியில் போய்க் கேட்டால் தீர்ந்துபோயிருக்கும்.